கடைசி வரி தெரியல்ல, சேர்

ஞாயிறு காலை. கம்பஹாவில் மழை விடிவதற்கு முன்பே நின்றிருந்தது. மாடி அறையில் லலந்த விஜேமான்ன கணினியில் பூட்டிய பேனாத்திரையின் முன் உட்கார்ந்து அதே கோட்டை மூன்றாவது தடவையாக வரைந்தார்.

கோடு ஒரு விரல் தள்ளி விழுந்தது.

"இரேஷா, இதில என்ன செஞ்சீங்க?"

"நீங்க சொன்னதத்தான் செஞ்சேன். ரெண்டு திரையையும் ஒரே அளவுக்குக் கொண்டு வரச் சொன்னீங்க. கொண்டு வந்தேன்."

"பேனா இங்க இருக்கு. கோடு அங்க இருக்கு."

"அப்ப நீங்க அங்க எழுதுங்க."

அவர் பேனாவை மேசையில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். அதுவே எரிச்சலின் அளவு.

பிரச்சினை புதியதல்ல. ஏழு வாரத்துக்கு முன் இந்தப் புதிய பேனாத்திரை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருந்தது. அது பெரியது, உயரமானது, புள்ளிகள் அதிகம். பக்கத்தில் மனைவி இரேஷாவின் திரை, அவள் வங்கியில் வேலை பார்த்த காலத்தது. புள்ளிகள் குறைவு. ஒரே கணினி, இரண்டு திரை. ஒன்றை மற்றதின் அளவுக்கு இறக்கினால் பேனா பிசகியது. பெரியதை முழுதாகச் சுருக்கி அனுப்பினால் எழுத்து எறும்பாகி, இணைய வகுப்பைத் தொலைபேசியில் பார்க்கும் பிள்ளைகள் திட்டினார்கள். எதையும் தொடாமல் விட்டால் இரேஷாவின் திரையில் பலகையின் அடிப்பகுதி காணாமல் போனது.

"கொஞ்சம் மேல எழுதுங்களேன். எனக்குக் கீழ தெரியல்ல."

"உங்கட திரை சின்னது. அதுக்கு நான் என்ன செய்ய?"

"ஒரு நாலு விரல் மேல."

"முடியாது."

ஏன் முடியாது என்று அவள் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரியும். ஒரு கணக்கு, ஒரு பலகை. மண்டபத்தில் கரும்பலகை வைத்துப் பௌதிகவியல் படிப்பித்த காலத்திலிருந்து அதுதான் லலந்த சேர். இடது மேல்மூலையில் தொடங்குவார். நடுவில் ஒன்றையும் அழிக்க மாட்டார். வலது கீழ்மூலையில் விடை வரும். அதைச் சுற்றி ஒரு பெட்டி. வாயால் சொல்ல மாட்டார். "கண்ணால பாருங்க, கையால எழுதுங்க" என்பார். கடைசி வரிசையிலிருந்த பிள்ளைகளும் அந்தப் பெட்டிக்காகக் கழுத்தை நீட்டுவார்கள்.

இப்போது கழுத்தை நீட்ட ஆளில்லை. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு இந்த வகுப்பை நம்பிய மனிதர். கிட்டத்தட்ட இரண்டு மாதமாகப் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். என்ன காரணம் என்று அவருக்குத் தெரியவில்லை. மினுவாங்கொடவில் இதே பாடம் படிப்பிக்கும் விபுல் சேரின் விளம்பரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார்.

இன்றைக்குப் பரீட்சைக்கு முந்தைய கடைசி மீட்டல் வகுப்பு. யாரும் வரலாம், கட்டணம் இல்லை. அடுத்த வருடப் பிள்ளைகளும் வந்து பார்ப்பார்கள். யாரிடம் சேர்வது என்று இன்றைக்கு முடிவு செய்வார்கள். இன்று சறுக்கினால் புது வகுப்பு தொடங்கும் தை மாதத்தில் இந்த அறையில் லலந்த தனியாக உட்கார்ந்திருப்பார்.

"பழையபடி வைங்க," என்றார். "எனக்குப் பேனா சரியா இருந்தாப் போதும்."

இரேஷா பழையபடி வைத்தாள். பிறகு கீழே போனாள்.

*

ஒவினி சமையலறையில் அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வயது. புதன்கிழமை அவளுக்கும் பௌதிகவியல் பரீட்சை.

போன ஞாயிறு மகளின் மேசையில் இரேஷா ஒன்றைப் பார்த்திருந்தாள். அப்பாவின் வகுப்பு மாடியில் நடந்துகொண்டிருக்க, மகளின் திரையில் விபுல் சேர் படிப்பித்துக்கொண்டிருந்தார். இரேஷா கதவைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்தாள். ஒரு வாரமாக அதை யாரிடமும் சொல்லவில்லை.

"நீ இன்னைக்கு அப்பச்சிட வகுப்பில இருக்கணும்," என்றாள். அந்த வீட்டில் அப்பா என்றால் அப்பச்சி.

"எனக்குப் படிக்க இருக்கு அம்மா."

"அவரும் அதத்தானே படிப்பிக்கிறார். வேற பேர் போட்டு வா. சத்தம் ஒழுங்காப் போகுதா எண்டு பாத்துச் சொல்லு."

"அதுக்கு வேற ஆள் இல்லையா?"

"ஒரு ஆள் இருந்திச்சு. அது இப்ப விபுல் சேர்ட கிளாஸில இருக்கு."

முட்டை கையில் நின்றது.

"எப்ப தெரியும்?"

"ஒரு வாரமா."

"அப்பச்சிக்கு?"

"அவருக்குத் தெரிஞ்சிருந்தா நீ இங்க உக்காந்து முட்டை உரிப்பியா?"

ஒவினி முட்டையைத் தட்டில் வைத்தாள். பாதி ஓடு அதிலேயே இருந்தது.

"அம்மா, நான் ஏன் எண்டு சொல்லட்டா?"

"இப்ப வேணாம். இப்ப சொன்னா எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தா மேல கேக்கும். வகுப்பு முடியட்டும். போய் உக்காரு."

ஒவினி தொலைபேசியை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். 'நதீஷா, திவுலப்பிட்டிய' என்று பெயர் போட்டு அப்பாவின் வகுப்பில் நுழைந்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவை.

*

எட்டு மணிக்கு லலந்த காலரில் மைக்கைக் குத்திக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டார். முகம் மாறியது. குரல் மாறியது.

"ஆயுபோவன் பிள்ளைகளே. தூங்கினவங்க எழும்புங்க. எழும்பினவங்க பேனா எடுங்க."

இரேஷா தன் திரைக்கு வகுப்பு ஜன்னலை இழுத்தாள். காலையில் அளவுகளை மாற்றி மாற்றி வைத்ததில் அது பெரிய திரையின் உயரத்திலேயே வந்து உட்கார்ந்தது. மேல்பகுதி சரியாக இருந்தது. வந்திருப்பவர்களின் எண்ணிக்கை தெரிந்தது. கீழ்ப்பட்டை, மைக் படமும் மற்றப் பொத்தான்களும் இருக்கும் இடம், திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. இழுத்துச் சரி செய்ய நேரமில்லை. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. ஆயிரம் தாண்டியது, இரண்டாயிரம் தாண்டியது. அவள் அதையே பார்த்தாள்.

பிள்ளைகள் எழுதும் பகுதியை அவள் இன்றும் திறக்கவில்லை. அது லலந்தவின் கட்டளை. விபுல் சேரின் பிள்ளைகள் வந்து கேலி எழுதுகிறார்கள் என்று ஏழு வாரத்துக்கு முன் மூடச் சொன்னார்.

அவர் நன்றாகப் படிப்பித்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சாய்தளத்தில் ஒரு கட்டை, கப்பியில் ஒரு கயிறு, மறுபக்கம் ஒரு வாளி. வாளியில் அவர் தண்ணீரை ஊற்றும்போது கேட்கிறவர்களுக்குக் கை நனைந்தது. இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். கடைசியில் வலது மூலைக்கு இறங்கி, எழுதி, பெட்டி போட்டார். பேனா டக்கென்று நின்றது.

"இதுதான். சந்தேகமே இல்ல."

எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது.

அடுத்த கணக்கு. ஏறியது. பெட்டி. இறங்கியது.

இரேஷா இதைக் கவனித்தாள். ஒவ்வொரு கணக்கும் முடிகிற இடத்தில் சிலர் எழுந்து போனார்கள். நல்ல சாப்பாட்டில் கடைசிக் கவளத்தில் கல் கடிபட்டதுபோல. என்ன கல் என்று அவளுக்குப் புலப்படவில்லை.

மூன்றாவது கணக்கு முடிந்ததும் இடைவேளை.

அவள் 'இடைவேளை' என்ற படத்தைப் போட்டாள். வழக்கமாக மைக் படத்தை அழுத்தி ஒலியை நிறுத்துவாள். இன்று அது திரையில் இல்லை. விசைப்பலகையில் அதற்கென்று இரண்டு விசைகள் உண்டு. அவற்றை அழுத்தினாள். பிறகு பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினாள்.

விசைகள் முன்னால் இருக்கும் ஜன்னலுக்குத்தான் போகும். முன்னால் இருந்தது இடைவேளைப் படம்.

*

ஒவினி மாடிப்படி ஏறி வந்தாள். கழுத்தில் இயர்போன் தொங்கியது. கையில் தொலைபேசி.

"அப்பச்சி, விடை என்ன?"

லலந்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீரை உறிஞ்சினார். மகள் தன் வகுப்பில் இருந்தாள் என்பதே அவருக்கு மகிழ்ச்சி.

"எந்தக் கணக்குக்கு மகள்?"

"எல்லாத்துக்கும்."

"பெட்டி போட்டேனே."

"எங்க?"

"கீழ. எப்பவும் போடுற இடத்தில."

அவள் தொலைபேசியை நீட்டினாள். மூன்று கணக்கையும் படமாகப் பிடித்து வைத்திருந்தாள். மூன்றிலும் பலகை ஒரே இடத்தில் முடிந்தது. 'ஆகவே' என்ற சொல்லின் தலை தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"உன்ட போன்ல ஏதோ பிழை."

"அப்ப என்ட போனும் அம்மாட திரையும் சேந்து பொய் சொல்லுதா?"

இரேஷா கோப்பையை வைத்தாள். இவ்வளவு நாளும் தன் திரை குட்டை என்றுதான் நினைத்திருந்தாள். தன் திரையில் இல்லாதது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது என்று நம்பியிருந்தாள். போகவில்லை. வெளியே போகிற படத்தின் சட்டம் இன்னும் முன்பிருந்த சின்ன எழுது திரையின் அளவிலேயே இருந்தது. புதிய திரை உயரம். மிஞ்சிய அடிப்பகுதி யாருக்கும் போகவில்லை. லலந்த தனக்குத் தானே விடை எழுதி, தனக்குத் தானே பெட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னேன் தானே!" என்றாள். "எத்தனை தடவை சொன்னேன்!"

"நீங்க சொன்னது 'எனக்குத் தெரியல்ல' எண்டு. 'பிள்ளைகளுக்குத் தெரியல்ல' எண்டு சொல்லல்லையே."

"ஐயோ சேர்! எனக்குத் தெரியல்ல எண்டா ஒரு தடவை எழும்பி வந்து பாக்கக் கூடாதா? ரெண்டு அடி தூரம்!"

கோபம் வந்தால்தான் அவள் அவரைச் சேர் என்பாள்.

"ஏழு வாரம்," என்றார் லலந்த. விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு மறுபடி நீட்டினார். "ஒரு பிள்ளையாவது சொல்லியிருக்கணுமே."

"எங்க சொல்லும்?" என்றாள் ஒவினி. "எழுதுற இடத்த மூடி வச்சிருக்கீங்க. அப்பச்சி, அவங்க என்ன கதைக்கிறாங்க தெரியுமா?"

"என்ன?"

"வேணுமெண்டே விடைய மறைக்கிறீங்களாம். டியூட் வாங்கினாத்தான் விடையாம்."

டியூட் என்றால் அச்சடித்த விடைப் புத்தகம். வகுப்பில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு மிச்சத்தை டியூட்டில் விற்பது அந்த ஊரில் பலரும் செய்கிற வேலை. லலந்த அதைச் செய்ததில்லை. அப்படிச் செய்கிறவர்களைப் பற்றி மேடையிலேயே கேவலமாகப் பேசியவர்.

அவர் முகம் சிவந்து, பிறகு சாம்பலானது.

"நான் விடைய விக்கிறேனா?"

"நான் சொல்லல்ல. அவங்க சொல்றாங்க."

"பலகையில ஒரு வரி மிச்சம் வச்சுட்டு நான் வீட்டுக்கு வந்திருக்கேனா? மழைக்குள்ள, கரண்ட் போன நேரம், மெழுகுதிரி பிடிச்சு பெட்டி போட்டவன் நான்."

"அது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியிறது 'ஆகவே' மட்டும்தான்."

"உனக்கு யார் இதெல்லாம் சொன்னது?"

ஒவினி அம்மாவைப் பார்த்தாள்.

"வகுப்புப் பிள்ளைகள்."

"என்ட வகுப்புப் பிள்ளைகளா?"

இரேஷா கலக்கிய தேநீரை மறுபடியும் கலக்கினாள்.

"இல்ல," என்றாள் ஒவினி. "உங்களிட்ட இருந்து அங்க வந்த பிள்ளைகள். விபுல் சேர்ட வகுப்புக்கு. நானும் அங்கதான் போறேன், அப்பச்சி."

லலந்த மனைவி பக்கம் திரும்பினார்.

"இரேஷா. உங்களுக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமா."

"நல்ல வீடு." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "என்ட மகள், விபுல்ட்ட. அவனுக்குச் சைன் எங்க வரும் கோசைன் எங்க வரும் எண்டே தெரியாது!"

"தெரியும், அப்பச்சி. நல்லாத் தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியாதா?"

"உங்களுக்கும் தெரியும். ஆனா அங்க எனக்குக் கேக்க ஏலும். விளங்கல்ல எண்டு எழுத ஏலும். அங்க நான் யாரோ. இங்க லலந்த சேர்ட மகள். எனக்கு விளங்கல்ல எண்டா அது உங்களுக்கு வெக்கம்."

"நான் எப்பவாவது அப்படிச் சொன்னேனா?"

"ஒரு தடவை கேட்டேன். மண்டபத்தில. 'என்ட மகளா இதக் கேக்குறது' எண்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பிறகு கேக்கல்ல."

லலந்த கோப்பையை மேசையில் வைத்தார். மூவரும் மூன்று பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒவினியின் கழுத்தில் தொங்கிய இயர்போனிலிருந்து, சில நொடி பிந்தி, ஒரு குரல் வந்தது. கொசு அளவு குரல். ஆனால் தெளிவான குரல்.

"...எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பிறகு கேக்கல்ல."

ஒவினி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் காலரைப் பார்த்தாள். மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

*

இரேஷா நாற்காலிக்குப் பாய்ந்தாள். மைக் படத்தைத் தேடினாள். ஜன்னலின் அடி திரையில் இல்லை.

"எங்க இருக்கு அந்தச் சனியன்!"

விசைகளை மறுபடியும் அழுத்தினாள். எது நடந்தது, எது நடக்கவில்லை என்று காட்டும் அடையாளமும் அந்தக் கீழ்ப்பட்டையில்தான் இருந்தது. அழுத்தியதில் ஒலி நின்றதா, நின்றது மறுபடி தொடங்கியதா என்று தெரியவில்லை. ஜன்னலைப் பெரிய திரைக்கு இழுக்கப் பார்த்தாள். அம்புக்குறி இரண்டு திரைகளுக்கும் நடுவே விளிம்பில் முட்டி நின்றது. பெரிய திரை உயரம், இவளுடையது குட்டை. மேலே வழி இருந்தது, கீழே சுவர். அவள் கீழேயே முட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல கொண்டு போங்க அம்மா, மேல!"

"கொண்டுதான் போறேன்!"

"கதைக்காதீங்க ரெண்டு பேரும்!" என்று லலந்த கத்தினார். காலரில் மைக்குடன் கத்தினார்.

ஜன்னல் ஒருவழியாகப் பெரிய திரையில் போய் விழுந்தது. கீழ்ப்பட்டை தெரிந்தது. இரேஷா மைக் படத்தை அழுத்தினாள். சிவப்புக் கோடு விழுந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. இடைவேளையில் ஒருவரும் எழுந்து போகவில்லை.

"எல்லாம் போயிட்டுதா?" என்று லலந்த கேட்டார்.

"எல்லாம்."

"கோசைனுமா?"

"கோசைனும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"பிள்ளைகள் எழுதுற இடத்தத் திறங்க."

"இப்பவா? வேணாம். கொஞ்சம் ஆறட்டும்."

"திறங்க இரேஷா. ஏழு வாரம் மூடினது போதும்."

திறந்தாள். வரிகள் மழைபோல விழுந்தன. முதலில் எதையும் படிக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன.

'கடைசி வரி தெரியல்ல சேர்.'

'ஏழு வாரமா தெரியல்ல சேர்.'

'மறைக்கிறீங்க எண்டு நினைச்சோம். மன்னிச்சுக்கொள்ளுங்க சேர்.'

'மிஸ், டீ ஆறிட்டுதா?'

'எங்கட வீட்டிலயும் இப்படித்தான் சண்டை.'

லலந்த கொஞ்சம் மூச்சு விட்டார். விடையை விற்றவன் என்ற பெயர் அவர் வாயைத் திறக்காமலேயே கழுவப்பட்டிருந்தது. ஆனால் அடுத்த வரி வந்தது.

'சேர்ட மகளே அங்க போனா நாங்க ஏன் இங்க வரணும்?'

அதை யாரோ திரும்ப எழுதினார்கள். இன்னொருவர் எழுதினார். அடுத்த வருடப் பிள்ளைகள்தான், பெயருக்குப் பக்கத்தில் வருடத்தையும் போட்டிருந்தார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: 'ஒவினி அக்கா, நீங்களே சொல்லுங்க. யார் நல்லாப் படிப்பிக்கிறது?' அதற்குப் பிறகு வந்த வரிகள் எல்லாம் அதுவாகவே இருந்தன. சொல்லுங்க அக்கா. சொல்லுங்க அக்கா.

லலந்த மேசையைப் பார்த்தார். இரண்டாம் பாதிக்கென்று ஒரு மாதமாகத் தயாரித்த இலக்கு வினாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எந்தக் கேள்வி வரும் என்ற கணிப்பு. புதிய பிள்ளைகளை இழுக்க அதுதான் தூண்டில். அவர் அந்தத் தாள்களை எடுத்து நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

"ஒலியைத் திறங்க."

"என்ன சொல்லப் போறீங்க?"

"நடந்ததை."

சிவப்புக் கோடு போயிற்று.

"பிள்ளைகளே," என்றார். வகுப்புக் குரல் வரவில்லை. வீட்டுக் குரல்தான் வந்தது. "ஏழு வாரமா கடைசி வரி உங்களுக்கு வரல்ல. மிஸ் சொன்னாங்க. நான் எழும்பிப் பாக்கல்ல. பிழை என்ட. இன்னைக்கு இலக்கு வினா இல்ல. விட்டுப்போன விடை எல்லாம் செய்வோம். வாயாலயும் சொல்றேன்."

வரிகள் ஒரு நொடி நின்றன. பிறகு மறுபடி விழுந்தன. அக்கா சொல்லல்லையே சேர். அக்கா சொல்லட்டும்.

"மகள்ட்ட கேட்டிருக்கீங்க," என்றார். "அவளே சொல்லுவா."

காலரிலிருந்து மைக்கைக் கழற்றினார். இரேஷா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்தாள். மைக்கை விரலால் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தாள்.

"பிள்ளைய மாட்டி விடாதீங்க. புதன்கிழமை பரீட்சை அவளுக்கு."

"மாட்டி விடல்ல. இந்த வீட்டில இன்னைக்கு உண்மை சொன்னது அவள் ஒருத்திதான்."

"அவள் அங்க எண்டு சொன்னா?"

"சொல்லட்டும்."

மைக் ஒவினியின் கைக்குப் போனது.

அவள் அதைத் தொலைவில் பிடித்தாள், கடிக்கும் பூச்சியைப் பிடிப்பதுபோல. அப்பச்சிதான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மூவாயிரம் பேரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வீட்டில் மதியச் சோறு நிம்மதியாக இறங்கும். விபுல் சேர் என்று சொன்னால் தை மாதம் முடிந்துவிடும். இரண்டில் எது உண்மை என்று அவளுக்கே தெரியவில்லை. அப்பாவின் வகுப்பில் முழுதாக உட்கார்ந்து ஒரு வருடமாகிவிட்டது.

"எனக்குத் தெரியாது," என்றாள். "உண்மையாத்தான். நான் இங்க கேட்டுப் பாத்ததில்ல."

நிறுத்தினாள். அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"சேர்."

லலந்த நிமிர்ந்தார். அவள் அவரை அப்படி அழைத்ததே இல்லை.

"இன்னைக்கு மூணாவது கணக்கு. கட்டை ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம். எடை வேற வேற. அப்ப கயிறு மட்டும் எப்படி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இழுக்குது? எல்லாரும் T எண்டு போடுறாங்க, நானும் போடுறேன். ஏன் எண்டு விளங்கல்ல."

இரேஷா கணவனின் வாயைப் பார்த்தாள். அந்த வாயில் என்ன வந்து நின்றது என்று அவளுக்குத் தெரியும். என்ட மகளா. அடிப்படையிலும் அடிப்படை, இதுவா தெரியாது. புதன்கிழமை பரீட்சை. அது பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நின்று, திரும்பிப் போனது.

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இன்னும் யார் யாருக்கு இது விளங்கல்ல? வெக்கப்படாம எழுதுங்க."

எனக்கு. எனக்கு. எனக்கும் சேர். எனக்கும். வரிகள் நிற்கவில்லை. லலந்த அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எத்தனை வருடமாக எத்தனை பேருக்கு அந்தக் கயிற்றை வரைந்திருக்கிறார்.

"சரி," என்றார். "கட்டையை மறப்போம். வாளியை மறப்போம். கயிறை மட்டும் எடுப்போம்."

புதிய பக்கம் திறந்தார். மேல்பகுதியிலேயே வரையத் தொடங்கினார். ஒவினி பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் பேனா இருந்தது.

இரேஷா தன் திரைக்குத் திரும்பினாள். எண்ணிக்கையைப் பார்க்கத்தான் போனாள். ஏறியிருந்தது. நான்காயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பெயர்ப் பட்டியலின் உச்சியில் ஒரு மஞ்சள் கை முளைத்தது. யாரோ பேச வேண்டுமென்று கை உயர்த்தியிருந்தார்கள்.

பெயரைப் படித்தாள். மறுபடி படித்தாள்.

விபுல் கஹவத்த, மினுவாங்கொட.

எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. கோசைனிலிருந்தா, அதற்கு முன்பிருந்தா. பேச அனுமதிக்கவா என்று திரை கேட்டது.

"லலந்த," என்றாள்.

அவர் திரும்பவில்லை. மகள் ஏதோ கேட்டிருந்தாள். அவர் கயிற்றை இன்னொரு தடவை வரைந்துகொண்டிருந்தார்.